வீட்டில் கிட்டார் பயில எத்தனை வாட் ஆம்ப்ளிஃபயர் வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு வாங்கித் தரக்கூடிய இசைக்கருவிகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அதில் சொல்லப்பட்டவற்றில் பெரும்பாலானவை பெற்றோருக்குப் பயன்படும். ஆனால் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்குவோர், பிறகு மாற்ற வேண்டிய தேவை வராதிருக்க, தொடக்கத்திலேயே 40 வாட்டுக்குக் குறையாமல் வாங்கிவிட வேண்டும் என்று அதில் இருந்த ஓர் அறிவுரையை என்னால் ஏற்க முடியவில்லை. மதுரையில் பதினேழு ஆண்டுகளாக வீட்டிலேயே கிட்டார் கற்றுக்கொடுத்து வருகிறேன். இதே அறிவுரையைக் கடைகளில் கேட்டு, கையிலிருந்த தொகை முழுவதையும் ஒரு பெரிய பெட்டியில் போட்டுவிட்டு, பிறகு அதை இயக்க முடியாமல் மூலையில் வைத்திருக்கும் குடும்பங்கள் பலவற்றை அறிவேன். என் மாணவர்களின் பெற்றோர் ஆம்ப்ளிஃபயருக்கென்று ஒதுக்குவது பெரும்பாலும் 8,000 முதல் 15,000 ரூபாய் வரைதான். அந்தத் தொகை வீணாகக் கூடாது என்ற அக்கறையில் இதை எழுதுகிறேன்.

அக்கூஸ்டிக் கிட்டாரில் தொடங்கும் பிள்ளைக்கு ஆம்ப்ளிஃபயரே தேவையில்லை. அதன் மரப்பெட்டியின் ஒலி ஓர் அறைக்குப் போதும். எலெக்ட்ரிக் கிட்டாரின் உடலோ பெரும்பாலும் கெட்டியான மரக்கட்டை. கம்பிகளுக்குக் கீழே பதிந்திருக்கும் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது அந்தச் சுருளில் எழும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டின் சிறு பங்குதான். அந்த மெலிந்த சிக்னல் குன்றிவிடாதபடி கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் உள்ளீடு ஏறத்தாழ 1 மெகா ஓம் மின்மறுப்போடு (மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்போடு) அமைக்கப்படுகிறது. வீட்டு ஹோம் தியேட்டரின் உள்ளீட்டில் இந்த மின்மறுப்பு பல மடங்கு குறைவு என்பதால், கிட்டாரை நேராக அதில் செருகினால் ஒலி மங்கி, போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் வரும். கிட்டாருக்கென்று செய்யப்படும் ஸ்பீக்கரில், உச்ச ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கராகிய ட்வீட்டர் கிடையாது; 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியை அது பெரும்பாலும் விட்டுவிடும். சிக்னலை வேண்டுமென்றே சிதைத்து உருவாக்கும் டிஸ்டார்ஷன் ஒலியிலுள்ள கூர்மையான கரகரப்பை வடிகட்டி, நாம் இசைத்தட்டுகளில் கேட்டுப் பழகிய உருண்டையான ஒலியாக மாற்றித் தருவது இந்தத் தன்மைதான். ஆகவே வீட்டில் ஏற்கெனவே ஒரு ஸ்பீக்கர் இருக்கிறதே என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி என்றாலும், அதற்கு நான் இல்லை என்றே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாட் கணக்கில் நான் ஏமாந்தது என் இருபத்து மூன்றாம் வயதில். வேலையில் சேர்ந்த முதல் ஆண்டின் சேமிப்பைக் கொண்டு, 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பழைய 60 வாட் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கினேன். அப்போது எல்லீஸ் நகரில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் தளத்தில் குடியிருந்தோம். வால்யூம் குமிழ் 1 என்ற எண்ணில் நின்றால் ஒலியே இருக்காது. 2 என்ற எண்ணைத் தொடுவதற்குள் ஜன்னல் கண்ணாடி அதிரும். கீழ்வீட்டில் அறுவைச் சிகிச்சை முடிந்து ஒரு பெரியவர் படுத்திருந்தார். ஒருநாள் அவருடைய மருமகள் மாடியேறி வந்து, "தம்பி, மாமா இப்பத்தான் அசந்து தூங்குறாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்த ஆம்ப்ளிஃபயரை இயக்க எனக்கு மனம் வரவில்லை. ஒன்றரை ஆண்டு துணி போர்த்தி வைத்திருந்து, வாங்கிய விலையில் பாதிக்கு விற்றேன். பண இழப்பைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. அந்த ஒன்றரை ஆண்டும் மின்இணைப்பு இல்லாமலேயே எலெக்ட்ரிக் கிட்டாரை வாசித்துப் பழகினேன். வாசிக்காத கம்பிகளை உள்ளங்கையால் அடக்கி வைப்பது எலெக்ட்ரிக் கிட்டாரில் அடிப்படைப் பாடம். அடக்காத கம்பியின் முனகல் ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் காதில் விழாது என்பதால், அந்தப் பிழையோடேயே என் கை பழகிவிட்டது. திருத்திக்கொள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன. வீட்டில் இயக்க முடியாத ஆம்ப்ளிஃபயர் பிள்ளையின் கைப்பழக்கத்தையும் இப்படிக் கெடுத்துவிடும் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

கிட்டார் ஸ்பீக்கர் ஒன்று, வெறும் 1 வாட் மின்திறனில், 1 மீட்டர் தூரத்தில், பொதுவாக 90 டெசிபலை ஒட்டியோ அதற்கு மேலோ ஒலிக்கக்கூடியது. ஒலி மாசு கட்டுப்பாட்டு விதிகள், 2000, குடியிருப்புப் பகுதிகளுக்கு வகுத்துள்ள வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். வெளியிடத்துக்கான வரம்பு அது என்றாலும், ஒற்றைச் செங்கல் சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம் வாழும் நம் வீடுகளில், 1 வாட்டே எவ்வளவு அதிகம் என்பதை அந்த எண்கள் உணர்த்தும். மேலும் வாட் கூடும் வேகத்தில் ஒலி கூடுவதில்லை. மின்திறன் பத்து மடங்கானால்தான் 10 டெசிபல் உயரும். நம் காதுக்கு அது ஏறத்தாழ இரு மடங்காகவே தோன்றும். 10 வாட்டுக்கும் 40 வாட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு 6 டெசிபல்தான். அந்த 6 டெசிபலும் குமிழை முழுவதும் திருப்பினால் மட்டுமே கிடைக்கும். வீட்டில் அதற்கு வாய்ப்பே இல்லை.

இந்த வாட் மயக்கம் மேடையிலிருந்து வந்தது. 1960களில் அரங்கங்களில் இருந்த ஒலிபெருக்கி அமைப்பு பாடகரின் குரலைக் கொண்டுசேர்க்கவே திணறியது. கிட்டாரின் ஒலி அரங்கின் கடைசி வரிசைக்குப் போக வேண்டுமென்றால் அதன் ஆம்ப்ளிஃபயரே அதைச் சுமந்தாக வேண்டும். லண்டனில் ஜிம் மார்ஷல் அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியில் தி ஹூ போன்ற ராக் இசைக்குழுக்களின் வேண்டுகோளுக்காக 100 வாட் ஆம்ப்ளிஃபயர்களைச் செய்தது இந்தத் தேவையால்தான். இன்றைய மேடையில் ஆம்ப்ளிஃபயரின் முன்னால் ஒரு மைக்கை வைத்து, அரங்கின் ஒலியமைப்பு வழியாக எல்லோருக்கும் கேட்கச் செய்துவிடுகிறார்கள். அக்காலத்திலேயே ஸ்டுடியோக்களில் 5 வாட் அளவே உள்ள ஃபெண்டர் சாம்ப் போன்ற சிறு ஆம்ப்ளிஃபயர்களைப் பதிவுக்குப் பயன்படுத்தினார்கள். பிள்ளை வளர்ந்து, டிரம்ஸ் வாசிப்பவரோடு சேர்ந்து ஒத்திகை பார்க்கும் நாள் வந்தால் 40 வாட்டோ அதற்கு மேலோ வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த நாள் வரும்போது அவன் எந்த வகை இசைக்குப் போகிறான் என்பது அவனுக்கே தெரிந்திருக்கும். அதற்கேற்ற ஒன்றை அப்போது தேர்ந்தெடுப்பதுதான் முறை.

வீட்டுக்கு வாங்குபவர் கவனிக்க வேண்டியது, தாழ்ந்த ஒலியில் அந்த ஆம்ப்ளிஃபயர் எப்படி ஒலிக்கிறது என்பதையே. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட ஆய்வு, ஒலி தாழத் தாழ நம் காது அடிச்சுருதிகளை மற்றவற்றைவிடக் குறைவாகவே கேட்கிறது என்று காட்டியது. கடையில் உரக்க வாசித்தபோது நிறைவாக இருந்த கருவி வீட்டில் தாழ்த்தி வைத்ததும் தகரம்போல் ஒலிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எனவே கடைக்குப் போகும்போது சொந்தக் கிட்டாரை எடுத்துச் செல்லுங்கள் என்று பெற்றோரிடம் சொல்வேன். அங்கே மாட்டியிருக்கும் விலையுயர்ந்த கிட்டாரில் எந்த ஆம்ப்ளிஃபயரும் நன்றாகவே ஒலிக்கும். கடைக்காரரிடம் குரலை உயர்த்தாமல் பேச முடிகிற அளவுக்கு ஒலியைத் தாழ்த்தி வைத்து, கால்மணி நேரமாவது அந்த அளவிலேயே கேட்க வேண்டும். வால்யூம் குமிழை மிக மெதுவாகத் திருப்பி, ஒலி படிப்படியாக எழுகிறதா, அல்லது என் பழைய 60 வாட் பெட்டியைப்போல் மௌனத்திலிருந்து ஒரே தாவலில் கூச்சலுக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும். விலை குறைந்த கருவிகள் பலவற்றில் வீட்டுக்குப் பயன்படும் ஒலியளவு முழுவதும் குமிழின் அரை அங்குலத் திருப்பத்துக்குள் ஒடுங்கியிருக்கும். அடிக்கம்பியை மீட்டி, பெட்டியோ முன்வலையோ சேர்ந்து அதிர்கிறதா என்றும் கேட்க வேண்டும். பின்னர் எதுவும் வாசிக்காமல், கம்பிகளின்மேல் கையை வைத்துக்கொண்டு, இரைச்சல் எவ்வளவு என்று கவனிக்க வேண்டும். இவ்வளவையும் செய்ய விடாத கடையில் வாங்க வேண்டாம்.

வாட்டைவிட ஸ்பீக்கரின் விட்டத்துக்கு நான் அதிக மதிப்புத் தருவேன். 3 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பிளாக்ஸ்டார் ஃப்ளை 3 போன்ற கையடக்கக் கருவி ஆறு பேட்டரியில் இயங்கும். மின்சாரம் போனாலும் பயிற்சி நிற்காது, ஊருக்குப் போகும்போது பையில் வைத்துக்கொள்ளலாம். ஆயினும் தினமும் ஒரு மணி நேரம் பயில்வதற்கு அதன் ஒலியில் நிறைவு போதாது. 6 அங்குல ஸ்பீக்கர் கொண்ட ஃபெண்டர் ஃப்ரன்ட்மேன் 10ஜி, ஆரஞ்ச் க்ரஷ் 12, அவற்றைவிடச் சற்றே அகன்ற 6.5 அங்குல மார்ஷல் எம்ஜி10 ஆகியவை 10, 12 வாட் அளவிலானவை. ஒரு சில குமிழ்களோடு முடிந்துவிடும் எளிய கருவிகள். தொடக்க மாணவருக்கு நான் பரிந்துரைப்பது இந்த வகையைத்தான். பல வகை ஆம்ப்ளிஃபயர்களின் ஒலியைக் கணினிச் சில்லு மூலம் உருவாக்கித் தரும் மாடலிங் கருவிகளில் 25 வாட்டும் 8 அங்குல ஸ்பீக்கரும் கொண்ட ஃபெண்டர் மஸ்டாங் எல்டி25 தாழ்ந்த ஒலியிலும் நிறைவாக இருக்கிறது. ஆனால் என் அனுபவத்தில், பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் முப்பது வகை ஒலியைக் கொடுத்தால் பயிற்சி நேரத்தில் பாதி குமிழைத் திருப்புவதிலேயே போய்விடும். டிஸ்டார்ஷன் ஒலி விரலின் ஏற்றத்தாழ்வுகளை மறைத்துவிடும் என்பதால் முதல் ஆறு மாதமும் தூய ஒலியில் மட்டுமே வாசிக்கச் சொல்கிறேன். மெட்டல் இசை கேட்டு அந்த ஆசையில் கிட்டாரைத் தொட்ட பிள்ளைகளுக்கு மட்டும் வாரத்தில் ஒருநாள் விலக்கு உண்டு. அந்த ஆசையை அணைத்துவிட்டு எதைக் கற்பிப்பது?

இரண்டு விதிவிலக்குகளைச் சொல்லியாக வேண்டும். பாஸ் நிறுவனத்தின் கட்டானா 50 என்ற கருவி 50 வாட் என்றாலும், அதன் திறனை 0.5 வாட்டுக்குக் குறைக்கும் சுவிட்ச் இருக்கிறது. 12 அங்குல ஸ்பீக்கரின் நிறைவும் வீட்டுக்கேற்ற தாழ்ந்த ஒலியும் ஒருங்கே கிடைப்பதால், கூடுதல் பணம் இருப்பவர்கள் அதை வாங்கலாம். யமஹா டிஹெச்ஆர் வரிசை தாழ்ந்த ஒலிக்கென்றே வடிவமைக்கப்பட்டது. ஆனால் நாம் பேசும் தொகைக்குள் புதிதாக அது வராது. டிரான்சிஸ்டருக்குப் பதிலாகக் கண்ணாடிக் குழாய் வால்வுகளில் இயங்கும் வால்வு ஆம்ப்ளிஃபயரை மட்டும் முதல் கருவியாக வாங்க வேண்டாம். 5 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயரும் அதன் இனிமையான ஒலியைத் தொடும்போது அடுக்குமாடி வீட்டுக்குத் தாங்காது. வால்வுகளை அவ்வப்போது மாற்றும் செலவும் உண்டு. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் இருக்கும். பிளக்கைக் கழற்றிய பின்னும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கக்கூடும் என்பதால், பழுதுபார்க்கிறேன் என்று திறந்து பார்க்கும் ஆர்வமுள்ள பிள்ளைகளின் வீட்டில் அது ஆபத்து.

ஹெட்போன் துளை கட்டாயம் வேண்டும். செருகியதும் ஸ்பீக்கர் முழுவதும் அடங்குகிறதா என்று கடையிலேயே பார்க்க வேண்டும். ப்ளூடூத் ஹெட்போன் இதற்கு உதவாது. மீட்டும் நொடிக்கும் காதில் விழும் நொடிக்கும் இடையே விழும் தாமதம் தாளத்தைக் குலைத்துவிடும். கம்பி உள்ளதையே வாங்க வேண்டும். ஹெட்போனில் வாசித்தால் அண்டை வீட்டாருக்குத் தொல்லை இல்லை, ஆனால் பிள்ளையின் காதுக்குக் காவலும் இல்லை. 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது, 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் தொழிலாளர்களுக்குப் பரிந்துரைக்கும் கணக்கு. வளரும் பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவாகவே இருக்கட்டும். பின்னணி இசையோடு வாசிக்கப் பயன்படும் இன்னொரு உள்ளீடு இருப்பதும் நல்லது. லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் ராக் அண்டு பாப் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்கு அது தினமும் தேவைப்படும்.

கட்டுரையில் ஒரு சொல்கூட இடம்பெறாத, ஆனால் எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தரும் விஷயம் மின்இணைப்பு. எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள், அவற்றைத் தாங்கும் உலோகப் பகுதியான பிரிட்ஜ் வழியாக ஆம்ப்ளிஃபயரின் உலோகச் சட்டத்தோடு மின்தொடர்பில் இருக்கின்றன. மூன்று முனை பிளக் கொண்ட ஆம்ப்ளிஃபயரை எர்த் இல்லாத பழைய சாக்கெட்டில் இரண்டு முனை மாற்றியின் வழியாகச் செருகினால், உள்ளே ஏதேனும் மின்கசிவு நேரும்போது அது கம்பியைத் தொடும் விரல்களுக்கே வந்து சேரும். இரைச்சல் குறைகிறது என்று எர்த் முனையைக் கழற்றிவிடச் சொல்லும் அறிவுரையைக் கேட்டிருக்கிறேன். அதை ஒருபோதும் செய்யக் கூடாது. அந்த இரைச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் வேறு. ஒற்றைச் சுருள் பிக்கப் சுற்றிலுமுள்ள மின்காந்த அலைகளை வாங்கிக்கொள்ளும். கிப்சன் நிறுவனத்தில் செத் லவர் 1955இல் இரட்டைச் சுருள் பிக்கப்பை உருவாக்கியதே இந்த முனகலைப் போக்கத்தான். நம் வீடுகளில் பழைய டியூப் லைட்டின் சோக்கும், எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரும் இதற்கு முதல் காரணிகள். ரெகுலேட்டரை முழு வேகத்தில் வைத்தோ, கிட்டாரோடு கால் வட்டம் திரும்பி உட்கார்ந்தோ பார்த்தால் இரைச்சல் எவ்வளவு குறைகிறது என்பது தெரியும். இன்னொன்று, அமெரிக்காவிலிருந்து உறவினர்கள் அன்போடு கொண்டுவந்து தரும் ஆம்ப்ளிஃபயர்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. பின்புறச் சீட்டில் 120 என்று மட்டும் அச்சிட்டிருந்தால், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகிய மறுகணமே கருவி கருகிவிடலாம். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வருபவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பிளக்கின் வடிவம் மட்டுமே வேறு.

கர்நாடக இசையை எலெக்ட்ரிக் கிட்டாரில் வாசிக்க விரும்பிப் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோரும் இப்போது என்னிடம் வருகிறார்கள். மின்மாண்டலினில் யு. ஸ்ரீநிவாஸும் எலெக்ட்ரிக் கிட்டாரில் ஆர். பிரசன்னாவும் காட்டிய வழி அது. கமகத்தின்போது ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுக்கும் இடைவெளி முழுவதும் காதில் விழ வேண்டும். சிக்னலைப் பெருக்கி டிஸ்டார்ஷனைக் கூட்டும் கெயின் கூடினால் அந்த நெளிவு மழுங்கிவிடும். கொஞ்சம் அழுத்தி மீட்டினாலும் உடையாத தூய ஒலி தரும் 10 முதல் 20 வாட் கருவி அவர்களுக்குப் பொருந்தும். கடையில் அவர்கள் தூய ஒலியை மட்டும் கேட்டு முடிவு செய்யலாம்.

பழைய கருவி வாங்குவதில் தவறில்லை. குமிழ்களைத் திருப்பும்போது கரகரக்கிறதா, ஜாக் செருகுமிடம் ஆடுகிறதா, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்திருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும். எளிய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் பழுதானால் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் உதிரிப் பாகங்களைக் கொண்டு உள்ளூர் மெக்கானிக்கே சரிசெய்துவிட முடிகிறது. மாடலிங் கருவியின் சில்லுப் பலகை போனால் பெரும்பாலும் பலகையையே மாற்ற வேண்டியிருக்கும். சிறிய ஆம்ப்ளிஃபயர் வாங்கியதில் மிஞ்சும் தொகையில் 3 மீட்டர் நீளமுள்ள நல்ல கேபிள் ஒன்றை வாங்கி, கிட்டாரின் கம்பி உயரத்தையும் கழுத்தின் வளைவையும் தெரிந்தவரிடம் கொடுத்துச் சரிசெய்துகொள்ளும்படி சொல்வேன். கம்பி உயரமாக இருக்கும் கிட்டாரில் பிள்ளையின் விரல் வலித்தால், எந்த ஆம்ப்ளிஃபயரும் அவனை உட்கார வைக்காது. வாங்கிய கருவியைத் தரையில் வைக்காமல் ஒரு நாற்காலியின்மேல், வாசிப்பவரின் காதை நோக்கி வைத்தால், இன்னும் தாழ்ந்த ஒலியிலேயே எல்லாம் தெளிவாகக் கேட்கும்.

தங்கள் இணைப்பில் இந்தப் பொருள் மீண்டும் இடம்பெறுமானால், 40 வாட் என்ற அறிவுரையைத் திருத்தி வெளியிடுமாறும், எர்த் இணைப்பையும் 230 வோல்ட் சீட்டையும் பற்றிய இரண்டு வரிகளை ஒரு கட்டத்துக்குள் தனியே அச்சிடுமாறும் அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிட்டார் ஆசிரியர் ஒருவர்,
மதுரை.